ஸ்லைஸுக்குப் புது டிரைவர் மருந்தாகுமா?

"டிரைவரை மாத்தப்போறேன்" என்று நண்பர் என்னிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த அவர் மனைவி, "ஏன், முருகன் நல்லாத்தானே ஓட்டுறான்?" என்று கேட்டுவிட்டார். கோல்ஃப் ஆடுபவர் வீட்டில் இதெல்லாம் சகஜம். அவர் மாற்ற நினைத்தது கார் ஓட்டுபவரை அல்ல, பந்தைத் தொலைதூரம் அடிக்கும் பெரிய தலை மட்டையை. அவருடைய பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல வலப்பக்கம் திரும்பி மரங்களுக்குள் போய்விடும். வலக்கை ஆட்டக்காரருக்கு இப்படி வளைவதுதான் ஸ்லைஸ். புது மட்டை அதைச் சரிசெய்யுமா என்று கேட்டார்.

கொஞ்சம் செய்யும். எவ்வளவு என்று தெரிய, மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் அந்த அரை மில்லிசெகண்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மட்டையின் தலை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த நேரத்தில் அது நகர்வது வெறும் 2 சென்டிமீட்டர். பந்தின் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் உடம்பை எந்தப் பக்கம் வளைத்தாலும் பந்துக்குத் தெரியாது.

அந்தக் கணத்தில் இரண்டு திசைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டையின் முகம் பார்க்கும் திசை, இன்னொன்று தலை பயணிக்கும் பாதை. பந்து கிளம்புவது பெரும்பாலும் முகம் பார்க்கும் திசையில். பாதையின் திசையில்தான் கிளம்பும் என்றுதான் பயிற்சியாளர்கள் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் வந்து அதைத் தலைகீழாக்கின. வளைவு பிறப்பது இந்த இரண்டு திசைகளுக்கும் நடுவில் உள்ள கோணத்தில். பாதை இடப்பக்கமாகக் குறுக்கே வெட்டிப் போக, முகம் அதைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் ஸ்லைஸ்.

டிரைவரால் அடித்த பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டேதான் பறக்கும், நிமிடத்துக்கு 2,500 சுற்று, 3,000 சுற்று என்று. அந்தச் சுழற்சிதான் அதை மேலே தாங்குகிறது. 1890-களில் எடின்பரோ இயற்பியலாளர் பி.ஜி. டெய்ட் இதை எளிமையாகக் காட்டினார். பந்தில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையை நிலைநிறுத்தி, அடித்த பிறகு நாடா எத்தனை முறுக்கு முறுக்கியிருக்கிறது என்று எண்ணினார். பரிசோதனைக்கு ஏற்ற ஆள் வீட்டிலேயே இருந்தார்: அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர்.

பலரும் நினைப்பதுபோல ஸ்லைஸில் பின்சுழற்சி ஒன்று, பக்கச் சுழற்சி ஒன்று என்று இரண்டு கிடையாது. ஒரே சுழற்சிதான், அதன் அச்சு சாய்ந்துவிடுகிறது. விமானம் ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தினால் திரும்புகிறதே, அதே கதை. மேலே தூக்க வேண்டிய விசையில் ஒரு பங்கு வலப்பக்கம் இழுக்கப் போய்விடுகிறது.

சின்னக் கணக்கு போடலாம். முகத்துக்கும் பாதைக்கும் பக்கவாட்டில் 4 டிகிரி வித்தியாசம், மேல்கீழாக 13 டிகிரி. அச்சு ஏறக்குறைய 17 டிகிரி சாயும். 200 யார்டு பறக்கும் பந்து 20 யார்டுக்கு மேல் வளைந்துவிடும். மேல்கீழ் கோணம் 10 ஆகக் குறைந்தால் சாய்வு 22 டிகிரி. 15 ஆகக் கூடினால் சாய்வும் 15 டிகிரிதான். அதே தப்பான அடி, ஆனால் சாய்வு குறைவு. முகம் நன்றாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் வெட்ஜ் மட்டையில் ஸ்லைஸ் அடிப்பது கஷ்டமாக இருப்பதும் இதனால்தான். ஆகவே ஸ்லைஸ் அடிப்பவர் கடையில் முதலில் பார்க்க வேண்டியது மட்டையில் பொறித்திருக்கும் லாஃப்ட் எண்ணை, அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை. 9 டிகிரி வாங்கினால் ஒரு கெத்து, ஒப்புக்கொள்கிறேன். 10.5 அல்லது 12 வாங்கினால் பந்து கண்ணில் படும்.

அடுத்தது எடை. டெய்லர்மேட் நிறுவனம் 2004-இல் ஆர்7 க்வாட் என்ற டிரைவரில் நான்கு சின்ன எடைகளைக் கழற்றி மாட்டும்படி வைத்தது. இப்போது பல மாடல்களில் எடையை ஹீல் பக்கம், அதாவது தண்டு இணையும் ஓரத்துக்கு, தள்ளிவைக்கலாம். தலையின் எடை 200 கிராம். அதில் 10 கிராமை 6 சென்டிமீட்டர் நகர்த்தினால் புவிஈர்ப்பு மையம் 3 மில்லிமீட்டர் நகரும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் டிரைவரில் அந்த மையம் முகத்துக்கு நன்றாகப் பின்னால் இருக்கிறது. மையத்தை விட்டு விலகிப் பந்து பட்டால் தலை திரும்புகிறது. ஒன்றோடொன்று கடித்த பற்சக்கரம்போல பந்து எதிர்ப்பக்கம் சுழல்கிறது. மையம் ஹீல் பக்கம் போய்விட்டால், நடுமுகத்தில் பட்ட அடிகூட மறுஓரமான டோ பக்கம் பட்டதுபோல ஆகி, பந்தை இடப்பக்கம் இழுக்கும். ஸ்லைஸை அது கொஞ்சம் தின்றுவிடும்.

இதே பற்சக்கரம் எதிராகவும் வேலை செய்யும். ஹீலில் பட்டால் ஸ்லைஸ் இன்னும் கூடும். ஹீலில் படுவதற்குப் பெரிய காரணம் தண்டின் நீளம். 45 அங்குலத்துக்கு மேல் நீண்ட தண்டோடு நடுமுகத்தில் அடிப்பது தினமும் பயிற்சி எடுப்பவர்களுக்கே சவால். ஓர் அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பாருங்கள், காசு செலவில்லை.

விளம்பரங்களில் அடிக்கடி வரும் "மன்னிக்கும் மட்டை" என்ற பேச்சை மட்டும் அளவோடு நம்பலாம். தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்த எல்லைக்குள் எடையை ஓரங்களுக்குத் தள்ளி, தலை எளிதில் திரும்பாதபடி செய்கிறார்கள். நடுவை விட்டு விலகிய அடிக்கு அது உதவும். திறந்த முகத்தோடு வரும் மட்டைக்கு அது ஒன்றும் செய்யாது. திறந்த முகம் திறந்தபடியே, மிக உறுதியாக வந்து பந்தில் மோதும்.

எந்த மட்டையாலும் உடைக்க முடியாத ஒரு சுழல் உண்டு. பந்து வலப்பக்கம் போகிறதே என்று ஆட்டக்காரர் இன்னும் இடப்பக்கம் குறிபார்க்கிறார். பாதை இன்னும் குறுக்கே வெட்டுகிறது. கோணம் கூடுகிறது, பந்து இன்னும் வளைகிறது. அப்புறம் இன்னும் இடப்பக்கம் குறி. என் நண்பர் கடைசியில் பக்கத்து ஃபேர்வேயை, அதாவது அடுத்த குழிக்குப் போகும் புல்வெளியை, பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

சரி, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை என்று அவருடைய பழைய டிரைவரின் முகத்தில் டால்கம் பவுடர் பூசி பத்துப் பந்து அடிக்கச் சொன்னேன். ஏழு தடம் ஹீல் பக்கம். தண்டும் தலையும் சேரும் இடத்தில் இருந்த திருகு வளையத்தைப் பார்த்தால், 9 டிகிரி மட்டையை யாரோ இன்னும் ஒரு டிகிரி இறக்கி வைத்திருந்தார்கள். அப்படி இறக்கினால் முகமும் சேர்ந்து கொஞ்சம் திறக்கும். செகண்ட் ஹாண்டில் வாங்கிய மட்டை, மூன்று வருடமாக அப்படியே ஆடியிருக்கிறார். அதற்கான சாவி பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் பிரிக்காத கவரிலேயே கிடந்தது.