ஏத்தன் தாருக்கு எவ்வளவு முன்பணம் கேட்கலாம்?

திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காட்டில் ஏத்தன் வாழைத்தார் ஒன்று இன்று 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி ஒருவர் தோட்டக்காரரிடம் சொல்கிறார்: "அண்ணாச்சி, 25 நாள் கழிச்சு வாரேன். விலை ஏறியிருந்தாலும் 400-க்கே தரணும். இறங்கியிருந்தா எடுக்க மாட்டேன், முன்பணத்தை நீங்களே வச்சுக்கிடுங்க." பங்குச்சந்தையில் இதற்குப் பெயர் ஆப்ஷன். சரி, தாருக்கு எவ்வளவு முன்பணம் கேட்பது நியாயம்?

விலை தினமும் 10 ரூபாய் ஏறலாம், இல்லை இறங்கலாம். பூவா தலையா போட்டதுபோல. 25 நாளில் 250 ரூபாய் நகர்ந்துவிடுமா என்றால், அநேகமாக நகராது. ஏற்றத்தை இறக்கம் தின்றுவிடும். இங்கே கூட்ட வேண்டியது தினசரி மாற்றங்களின் வர்க்கத்தை: 25 × 100 = 2,500. அதன் வர்க்கமூலம் 50. விலை சிதறும் அளவு அதுதான். 50 என்பது வர்க்கங்கள் வழியாக வந்த சராசரி என்பதால் சாதாரணச் சராசரி சற்றுக் குறைந்து 40 வரும். ஆக, விலை ஏறினால் வியாபாரிக்குச் சராசரியாக 40 ரூபாய் லாபம், இறங்கினால் ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு, எனவே நியாயமான முன்பணம் 20 ரூபாய். (வட்டியைச் சேர்க்கவில்லை.) தவணையை 100 நாளாக்கினால் முன்பணம் நான்கு மடங்காகாது, இரண்டு மடங்காகி 40-இல் நிற்கும்.

இந்தக் கணக்கை லூயி பஷெலியே என்ற பிரெஞ்சுக்காரர் 1900-இல் பாரிஸில் தன் ஆய்வேட்டில் போட்டார். ஐந்து வருடம் கழித்து, நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஏன் தத்தளிக்கின்றன என்பதற்கு ஐன்ஸ்டைன் போட்டதும் இதே கணக்குதான். ஐன்ஸ்டைன்தான் முந்திக்கொண்டார் என்று நாம் நினைத்திருக்க, பங்குச்சந்தை முந்திவிட்டது! இரண்டுக்கும் அடியில் இருப்பது ஃபூரியே 1822-இல் வெளியிட்ட வெப்பச் சமன்பாடு. இரும்புக் கம்பியில் சூடு இரண்டு மடங்கு தூரம் பரவ நான்கு மடங்கு நேரம் எடுக்கும். சந்தையில் சூட்டுக்குப் பதில் நிகழ்தகவு பரவுகிறது.

1973-இல் பிளாக், ஷோல்ஸ், மெர்டன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் ரூபாய் மாற்றத்தை விட்டு சதவீத மாற்றத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆப்ஷனை விற்றவர் அந்தப் பங்கையே அவ்வப்போது வாங்கி விற்று ஆபத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம், விலை எந்தப் பக்கம் போகும் என்ற ஊகமே வேண்டாம் என்றும் காட்டினார்கள். என் பார்வையில் அதுதான் பெரிய காரியம். அவர்களுடைய சமன்பாட்டை மாறிகளை மாற்றி எழுதினால், அதே வெப்பச் சமன்பாடு. காலம் மட்டும் தவணை நாளிலிருந்து பின்னோக்கி ஓடும்.

ஆனால் நீர் மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பார்த்துப் பயப்படாது, வியாபாரி பயப்படுவார். 1963-இல் கணித அறிஞர் மாண்டல்பிராட் அமெரிக்கப் பருத்தி விலைகளை ஆராய்ந்தபோது, கணக்கு அனுமதிப்பதைவிடப் பெரிய தாவல்கள் அடிக்கடி வந்திருந்தன. (நம்ம பக்கத்துப் பருத்தியும் ஒரு காலத்தில் திருநெல்வேலியின் ஆங்கிலேயர் காலப் பெயரான 'டின்னவெல்லி' என்ற பெயரில் லிவர்பூல் வரை போனதுதான்.) 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை வாழைகள் மூழ்கியதும் தினம் 10 ரூபாய்க் கணக்குக்குள் அடங்குகிற சங்கதி இல்லை. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதற்கப்புறமும் சூத்திரத்தை யாரும் தூக்கி எறியவில்லை. பெரிய சரிவு வந்தால் பணம் தரும் ஆப்ஷன் என்றால் மட்டும், சிதறல் அளவைக் கூட்டிப் போட்டு விலை சொல்கிறார்கள்.