டெப்த் பஃபரைத் துடைக்காத விளையாட்டு

ஐடி சாஃப்ட்வேர் 1996இல் வெளியிட்ட குவேக் விளையாட்டுக்கு, கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் ஜிஎல்குவேக் என்ற வடிவம் 1997இல் வந்தது. 1999 டிசம்பரில் மூலநிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்கீழ் அனைவருக்கும் திறக்கப்பட்டது. அதன் வரைதல் பகுதியைத் துப்புரவு செய்ய முற்படுபவர் முதலில் உணர்வது, அங்கே அசிங்கமாகத் தெரியும் பலவும் ஒரு காரணத்தோடு எழுதப்பட்டவை என்பதைத்தான். அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதே வேலையின் பெரும்பகுதி.

டெப்த் பஃபரை எடுத்துக்கொள்வோம். திரையின் ஒவ்வொரு பிக்சலிலும் வரையப்பட்ட பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை 0 முதல் 1 வரையான எண்ணாகக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி அது. புதிதாக வரும் பரப்பு, ஏற்கெனவே இருப்பதைவிட அருகில் இருந்தால் மட்டுமே வரையப்படும். ஒவ்வொரு ஃபிரேமின், அதாவது திரையில் காட்டும் ஒவ்வொரு முழுப் படத்தின், தொடக்கத்திலும் பழைய எண்களை அழிப்பது வழக்கம். அக்காலக் கார்டுகளில் அந்த அழிப்புக்கே கணிசமான நேரம் செலவானதால், ஜிஎல்குவேக் அதைத் தவிர்க்க ஒரு தந்திரம் செய்தது: ஒரு ஃபிரேமில் 0 முதல் ஏறக்குறைய 0.5 வரையான பாதியை மட்டும் பயன்படுத்தி, சிறிய எண்ணை அருகாகக் கொள்ளும். அடுத்த ஃபிரேமில் 1 முதல் 0.5 வரையான பாதியை எடுத்து, பெரிய எண்ணை அருகாகக் கொள்ளும். இப்படி மாற்றினால் புதிய ஃபிரேமின் எந்த எண்ணும் முந்தைய ஃபிரேமின் எண்ணை வென்றுவிடும் என்பதால், துடைக்க வேண்டிய தேவையே இல்லை. சாதுரியமான யோசனைதான், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாப் பிக்சல்களும் வரையப்பட்டாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஃபிரேம்களுக்கு முந்தைய எண் எஞ்சி நின்று புதிய பரப்பை மறைக்கும். 16 பிட் பஃபரில் 65,536 படிகளுக்குப் பதிலாக 32,768 மட்டுமே கிடைப்பதால், நெருங்கிய இரு பரப்புகள் ஒன்றையொன்று முந்தி மினுங்குவதும் கூடும்.

இன்றைய கார்டுகளுக்கு டெப்த் பஃபரைத் துடைப்பது ஏறக்குறைய இலவசம். ஆகவே தந்திரத்தை எடுத்துவிடலாம், ஆனால் ஒரு வரியை நீக்கினால் முடிந்துவிடாது. அந்தப் பாதி எல்லைகள் நிரல் முழுவதற்கும் பொதுவான இரண்டு மாறிகளில் இருக்கின்றன. வீரரின் கையிலுள்ள துப்பாக்கி சுவருக்குள் புதைந்து தெரியாமலிருக்க, அதை அந்த எல்லைகளுக்குள் அருகைக் குறிக்கும் 30 விழுக்காட்டுக்குள் அடக்கி வரையும் செயற்கூறும் அதே மாறிகளையே நம்பியிருக்கிறது. எங்கோ ஓரிடத்தில் மாற்றிய நிலை, அதாவது எப்படி வரைய வேண்டும் என்ற அமைவு, வேறெங்கோ படத்தைக் கெடுப்பது, கார்டுக்கு வரைதல் கட்டளைகளைக் கொடுக்க உதவும் ஓப்பன்ஜிஎல்லைப் போல நிலையை உள்ளே நினைவில் வைத்திருக்கும் அமைப்புகளோடு பிறந்த நோய்.

சுவர்களை வரையும் பகுதியில் அதே நோய் இன்னும் முற்றியிருக்கிறது. சுவரின் மேற்பரப்பைக் காட்டும் டெக்ஸ்சர் ஒன்று, அதன்மேல் விழும் ஒளியைச் சொல்லும் லைட்மேப் ஒன்று என இரண்டு படங்கள் சேர்ந்தே ஒரு பரப்பு உருவாகிறது. (லைட்மேப்பில் வெளிச்சத்தின் அளவை 255இலிருந்து கழித்து, அதாவது இருளைச் சேமித்திருப்பது தனி வேடிக்கை.) இரண்டையும் ஒரே நேரத்தில் பூசத் தெரிந்த கார்டுக்கு ஒரு வழி, தெரியாத கார்டுக்கு இரண்டு சுற்றாக வரையும் வேறொரு வழி, தண்ணீர், வானம், நீருக்கடியில் நெளியும் சுவர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கிளைகள். கடைசியாகப் பொருத்திய டெக்ஸ்சர் எது என்பதை ஒரு பொது மாறியில் குறித்துவைத்து, அதே டெக்ஸ்சர் மறுபடி கேட்கப்பட்டால் திரும்பிவிடும் செயற்கூறு ஒன்றும் உண்டு. அந்தக் குறிப்பு உண்மை நிலையோடு பொருந்தாமல் போனால், செங்கல் சுவரில் வேறொரு படம் ஒட்டிக்கொள்ளும்.

2003இல் வந்த ஓப்பன்ஜிஎல் 1.5, பரப்புகளின் மூலைப் புள்ளிகளான முனைகளின் தரவைக் கார்டின் நினைவகத்திலேயே வைக்க வழிசெய்தது. அடுத்த ஆண்டின் 2.0, கார்டிலேயே ஓடும் சிறு நிரல்களான ஷேடர்களைத் தரநிலையில் சேர்த்தது. இவற்றைக் கொண்டு மேற்சொன்ன கிளைகளை ஒரே பாதையாக்க முடியும்: தெரியும் பரப்புகளை முதலில் பட்டியலாகத் திரட்டி, டெக்ஸ்சர்வாரியாக வரிசைப்படுத்தி, தேவையான நிலை முழுவதையும் அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டு, மொத்தமாக வரையச் சொல்வது. ஒளி ஊடுருவும் தண்ணீரை மட்டும் இந்த வரிசையில் கலக்கக் கூடாது. அது பின்னாலிருந்து முன்னாக, கடைசியில் வரையப்பட வேண்டும்.

திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டெமோவை, அதாவது பதிவுசெய்து வைத்த ஆட்டத்தை, ஓட்டி, விளையாட்டின் கடிகாரத்தைக் குறித்த நொடிகளில் நிறுத்தி எடுத்த படங்களைப் பிக்சல் பிக்சலாகக் கழித்துப் பார்ப்பதே நம்பத்தகுந்த சோதனை. அப்படிக் கழிக்கும்போது சுவர்களில் ஆங்காங்கே 1 அளவு நிற வேறுபாடு தெரிந்தால் பதற வேண்டியதில்லை. பழைய இரண்டு சுற்று முறை முதல் சுற்றின் முடிவை 8 பிட்டுக்குச் சுருக்கிய பிறகு ஒளியைப் பெருக்கியது, ஷேடரோ பெருக்கி முடித்த பிறகு ஒரே ஒருமுறை சுருக்குகிறது.