காட்பாடியில் இறங்காத இட்லி

காட்பாடி ஜங்ஷன், விடியற்காலை ஐந்து மணி. இன்டர்வியூவுக்காகச் சென்னை கிளம்பிய அக்கா மகன் இரண்டாவது முறையாகக் கழிவறைக்குப் போய்விட்டு வந்தான். "சட்னி கெட்டிருக்கும் மாமா. இட்லி நெஞ்சிலேயே நிற்கிறது, அடிவயிறு கலக்குகிறது" என்றான். அதே சட்னியை நானும்தான் தொட்டுக்கொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லை.

சட்னியின் மேல் பழி போட முடியாது. நாலரை மணிக்குத் தின்ற இட்லி இரைப்பையைக் கடக்கவே இரண்டு மூன்று மணி நேரமாகும். அதன் பிறகு சிறுகுடல் வேறு இருக்கிறது. ஐந்து மணிக்கு வெளியேறியது நேற்றைய சாப்பாடு, ஏன், முந்தாநாளையதாகக்கூட இருக்கலாம். அவன் சொன்ன இரண்டு தொல்லைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதுதான் வேடிக்கை. மேலே நகரவில்லை, கீழே நிற்கவில்லை. நாம் எல்லாவற்றையும் 'வயிறு' என்று சொல்லிவிடுகிறோம். பயத்துக்கு இரைப்பை வேறு, பெருங்குடல் வேறு.

பதற்றம் வந்ததும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், சி.ஆர்.எஃப். என்ற சிறிய புரதத் துணுக்கைச் சுரக்கிறது. 1981இல் அமெரிக்க விஞ்ஞானி வைலி வேல் குழுவினர் செம்மறியாடுகளின் மூளையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் இது. கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பைத் தொடங்கிவைப்பது இதன் தலையாய வேலை. போகிற போக்கில் செரிமானத்திலும் கைவைக்கிறது. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு இரைப்பைக்குக் கொடுக்கும் தூண்டுதல் குறைகிறது. அலை அலையாக அரைக்கும் அசைவு தளர்ந்து, விழுந்த இட்லி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து பெருங்குடலுக்குப் போகும் நரம்புகளோ முடுக்கிவிடப்படுகின்றன. பெருங்குடல் சுருங்கித் தள்ளுகிறது. தண்ணீரை உறிஞ்ச அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. அதனால்தான் இளகிப் போகிறது.

இதில் பாதியை எக்ஸ்-ரே கண்டுபிடித்த சில ஆண்டுகளுக்குள்ளேயே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் வால்டர் கேனன் என்பவர் பூனைகளுக்கு, எக்ஸ்-ரேயில் தெரியும் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பு கலந்த உணவைக் கொடுத்து, இரைப்பை அசைவதைத் திரையில் கவனித்துக்கொண்டிருந்தார். பூனை எரிச்சலடைந்ததும் அசைவு நின்றுபோனது. அமைதியானதும் மீண்டும் தொடங்கியது. பரீட்சை நாளில் பிள்ளைக்கு வலுக்கட்டாயமாக ஊட்டிவிடும் அம்மாக்கள் இந்தப் பூனையை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் பதற்றம் இப்படி வந்து போய்விடும். மாதக்கணக்கில் நீடிக்கும் கவலை வேறு மாதிரி. வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில், உறவினரின் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்களைப் பார்த்தால் தெரியும்: பாதி இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். தொடர்ந்த மன அழுத்தத்தில் குடலின் உள்சுவர் செல்களுக்கிடையே உள்ள இறுக்கம் தளரக்கூடும். சுவரிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள், அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் போன்றவற்றை வெளியிட்டு, அங்குள்ள நரம்பு முனைகளைக் கூர்மையாக்கிவிடுகின்றன. சாதாரண வாயு நகர்வதுகூட அப்போது வலியாகத் தெரியும். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் 'நார்மல்' என்று வரும். "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வது எனக்கு எரிச்சலூட்டும் பேச்சு. வலி நரம்பில் இருக்கிறது, படத்தில் விழவில்லை, அவ்வளவுதான். வேகஸ் நரம்பின் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு குடல் முதலான உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. ஆகவே கெட்ட வயிறு கவலையையும் கூட்டும், அந்தக் கவலை திரும்ப வயிற்றைக் கெடுக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் டென்ஷன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அல்சருக்குக் கவலைதான் காரணம் என்று உலகமே நம்பியது. 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்த பிறகே எண்ணம் மாறியது. 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. வலிமாத்திரைகளும் அல்சருக்கு மற்றொரு பெரிய காரணம். நம் வட ஆற்காட்டுக் கிராமங்களிலேயே 1960களில் டிராபிகல் ஸ்ப்ரூ என்ற குடல்நோய் ஊர் ஊராகப் பரவியது, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதை ஆராய்ந்தார்கள். அந்த மக்களுக்கு மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இவை இருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

மருமகனுக்கு இவை எதுவும் இல்லை. பகல் ஒரு மணிக்குப் போன் செய்தான். இன்டர்வியூ முடிந்த கையோடு ஓட்டலில் உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் சாதம் வாங்கியிருக்கிறானாம். வேலை என்னடா ஆயிற்று என்று கேட்டேன்.

"அதை இன்னும் சொல்லவில்லை மாமா, அப்பளம் வருகிறது, வைக்கிறேன்" என்றான்.