ஹார்ட் டிஸ்க் பழுதாகவில்லை, தயவுசெய்து போர்மட்டை அமத்தாதீர்கள்

விண்டோஸில் பாவித்த வெளி ஹார்ட் டிஸ்க்கை லினக்ஸ் கணினியில் போட்டேன், திறக்கவில்லை, பழுதாப் போச்சு என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. போன கிழமை வெள்ளவத்தையில் இருந்து வந்த தம்பி இன்னும் ஒரு படி மேலே. பழுதுதானே என்று தானே போர்மட் பண்ணி டிஸ்க்கை வெறுமையாக்கிவிட்டு, அக்காவின் கல்யாணப் படங்களை எடுத்துத் தாங்கோ அண்ணா என்கிறார்.

உபுண்டுவோ மின்ட்டோ, எந்த லினக்ஸும் உங்கள் டிஸ்க்கைப் பழுதாக்கவில்லை. விண்டோஸில் பாவித்த டிஸ்க் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். ஆக, அதாவது விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில், இருக்கும். விண்டோஸ் 8 இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக நிற்காது. அந்த நேரம் டிஸ்க் செருகியபடி இருந்தால் அதன் கணக்கு மூடப்படாமலே கிடக்கும். அப்படியே கழற்றி லினக்ஸில் போட்டால், இன்னொருவர் பாதியில் விட்ட கணக்குப் புத்தகத்தில் எழுத அது மறுக்கிறது; ஒன்றில் வாசிக்க மட்டும் விடும், இல்லையென்றால் திறக்கவே விடாது. உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றத்தான் ஐயா அப்படிச் செய்கிறது!

மறுபக்கமும் இதே கூத்துத்தான். லினக்ஸின் சொந்த முறையான ஈ.எக்ஸ்.டி.4 ஆக அமைத்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் போர்மட் பண்ணவா என்று கேட்கும். விண்டோஸுக்கு அதை வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான். கேட்டதற்கெல்லாம் ஓம் சொல்ல வேண்டுமா?

திறக்காவிட்டால் திரும்ப விண்டோஸில் போட்டு டிஸ்க்கின் பிழை திருத்தும் ‘செக்டிஸ்க்’ ஓடவிடுங்கள், பிறகு ஷிஃப்ட்டை அமத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுதாக நிற்கும். லினக்ஸில் உள்ள ‘என்.டி.எஃப்.எஸ்.ஃபிக்ஸ்’ சில்லறைப் பிழைகளைத்தான் திருத்தும், அதை நம்பி இருக்க வேண்டாம். ஆனால் டிஸ்க்குக்குள் டக் டக் என்று சத்தம் கேட்டால் ஒன்றும் ஓடவிடாமல் கழற்றி வையுங்கள், அது வேறு வருத்தம்.

இரண்டு பக்கமும் பாவிக்கிறவர்கள், புது டிஸ்க் வாங்கிய அன்றே, உள்ளே ஒன்றும் போட முதல், இரண்டுக்கும் வாசிக்கத் தெரிந்த எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் நல்லது. பழைய ஃபாட்32 இல் 4 ஜி.பி.யைத் தாண்டிய ஒரு வீடியோவும் ஏறாது. எக்ஸ்ஃபாட்டில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பு, கிடையாது, சடாரென்று பிடுங்கினால் என்.டி.எஃப்.எஸ். அளவுக்குத் தாங்காது. லினக்ஸில் கொப்பி முடிந்தது என்று காட்டினாலும் பாதி இன்னும் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் இருக்கலாம். இஜெக்ட் கொடுத்து, கழற்றலாம் என்று வரும்வரை கொஞ்சம் பொறுங்கள்.

ஏற்கனவே போர்மட்டை அமத்திவிட்டீர்களா? சரி, ஃபைல் பட்டியலை மட்டும் அழிக்கும் குவிக் போர்மட் என்றால் பெரும்பாலும் மீட்கலாம், புதிதாக ஒன்றையும் அதில் எழுதாதவரை. ரிக்கவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்ல!