விலை கூடிய டிஏசி வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்

குளச்சலில் ஒரு வீடு. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர், பாட்டு என்றால் உயிர். சிடி பிளேயருடன் 85,000 ரூபாய் டிஏசி ஒன்றைச் சேர்த்திருந்தார். டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின் அலையாக மாற்றித் தரும் பெட்டி அது. "தம்பி, சுசீலாம்மா பக்கத்துல நின்னு பாடுத மாதிரி இருக்கு, கேட்டுப் பாரும்" என்றார்.

கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சத்தமும் கொஞ்சம் கூடியிருந்தது. ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்து, 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டேன். பிளேயரின் சொந்த அவுட்டில் 1 வோல்ட், டிஏசி வழியாக 1.12 வோல்ட். சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 1 டெசிபல் வித்தியாசம். இந்த அளவு கூடும்போது நம் காது அதைச் சத்தம் என்று பிரித்துச் சொல்லாது, தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான்.

டிஏசியின் வால்யூமைக் குறைத்து இரண்டையும் சமமாக்கினோம். அவர் மகன் பின்னால் நின்று ஆம்ப்ளிஃபயரின் செலக்டரை மாற்றினான். எது ஓடுகிறது என்று அப்பா சொல்ல வேண்டும். 16 முறையில் 7 முறை சரி. குறைந்தது 12 சரியாக வந்தால்தான் காது உண்மையிலேயே பிரித்தறிகிறது என்று சொல்ல முடியும். அவர் முகம் வாடியது, எனக்கும் வருத்தமாகிவிட்டது.

காரணம் எளிது. 1982இல் வந்த சிடியின் 16 பிட் பதிவே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும். ஃபேன் ஓடும் நம் ஹாலில் அதன் மெல்லிய அடிப்பகுதி காதில் விழாது. ஒழுங்கான டிஏசி, விலை குறைந்ததானாலும், ஒலியில் சேர்க்கும் திரிபு 0.01 சதவீதத்துக்கும் கீழே. நல்ல ஸ்பீக்கரே பேஸில், அதாவது தாழ்ந்த ஒலியில், 1 சதவீதம் வரை திரிக்கும்.

அப்புறம் ஸ்பீக்கரைக் கழற்றினேன். கடற்காற்றில், வயர் மாட்டும் டெர்மினல் பச்சை பூத்திருந்தது. அதிர்ந்து ஒலி எழுப்பும் கோனைச் சுற்றியுள்ள ஃபோமை விரலால் தொட்டேன், திருநீறு மாதிரி உதிர்ந்தது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் போனால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். இரண்டு மழைக்காலமும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்கிற வேலை இது.

ஹாலில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. கை தட்டினால் ணங் என்று திரும்பி வந்தது. ஃபோம் மாற்றி, டெர்மினலைத் துடைத்து, கனமான ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்தோம். அந்த மாற்றத்தைப் பிரித்தறிய எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன மாத்துனிய?" என்று கேட்டார்.

டிஏசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் இரைச்சல் வந்தால் வாங்கத்தான் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ம்ம்ம் என்று ஹம் வந்தால், எர்த் வழியாக வருகிற சிக்கலாக இருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், ஹம் நின்றுவிட்டால், லேப்டாப்பையும் டிஏசியையும் இணைக்க யுஎஸ்பிக்குப் பதில் ஆப்டிகல் கேபிள் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அவர் அந்த டிஏசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ரிமோட் வசதி பிடித்திருக்கிறதாம். அது நியாயமான காரணம்தான்.