நான்காவது முனை எங்கே?

ஓர் இணைகரத்தின் மூன்று முனைகள் வரிசையாக ஏ (1, 1), பி (6, 3), சி (7, 7). நான்காவது முனையான டி எங்கே இருக்கும்?

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது. படித்து முடித்த உடனே அவள் கை, இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தரும் தொலைவு வாய்பாட்டை எழுதத் தொடங்கிவிட்டது. வர்க்கங்கள், அவற்றின் விரிவுகள், அடித்தல் திருத்தல் என்று ஒரு பக்கம் நிறைந்தது. கடைசியில் (2, 5), (5, 2) என்று இரண்டு விடைகள் வந்தன. எங்கோ பிசகிவிட்டது என்று நோட்டை மூடிவிட்டாள்.

கணக்கிட்டதில் அவள் எங்குமே பிசகவில்லை. இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதுதான் அவள் பிடித்துக்கொண்ட பண்பு. ஏ-யிலிருந்து பி-க்குப் போக வலப்பக்கம் 5 கட்டம், மேலே 2 கட்டம். ஆகவே அந்தப் பக்கத்தின் நீளம் √29. பி-யிலிருந்து சி-க்கு வலப்பக்கம் 1, மேலே 4, நீளம் √17. எனவே டி என்ற புள்ளி ஏ-யிலிருந்து √17 தொலைவிலும், சி-யிலிருந்து √29 தொலைவிலும் இருக்க வேண்டும். ஆனால் ஒரு புள்ளியிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு வட்டம். ஏ-யைச் சுற்றி ஒரு வட்டம், சி-யைச் சுற்றி இன்னொன்று. இங்கே அந்த இரண்டு வட்டங்களும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அவள் கண்டுபிடித்தது அந்த இரண்டு இடங்களைத்தான்.

வரைபடத்தாளை எடுத்து இரண்டையும் குறித்துப் பார்த்தோம். (2, 5)-ஐச் சேர்த்தால் அழகான இணைகரம். (5, 2)-ஐச் சேர்த்தால் டி-யையும் சி-யையும் இணைக்கும் கோடு, ஏ-யையும் பி-யையும் இணைக்கும் கோட்டைக் குறுக்கே வெட்டுகிறது. நடுவில் ஒரு முறுக்கு முறுக்கிவிட்ட நாடாவைப் போன்ற வடிவம். அதிலும் எதிர்ப்பக்கங்கள் சமமாகவே இருக்கின்றன, இணையாக மட்டும் இல்லை. ‘எதிர்ப்பக்கங்கள் சமமானால் அது இணைகரம்’ என்று சொல்லும்போது, பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டாத நாற்கரத்தை மனதில் வைத்துத்தான் சொல்கிறோம். வாய்பாட்டுக்கு அது தெரியாது.

இப்போது இதே கணக்கை இணைகரத்தின் இன்னொரு பண்பைக் கொண்டு பார்க்கலாம். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும். ஏ, சி இரண்டுக்கும் நடுப்புள்ளி (4, 4). பி-யிலிருந்து அந்த நடுப்புள்ளிக்குப் போக இடப்பக்கம் 2, மேலே 1. அதே நடையை இன்னொரு முறை நடந்தால் (2, 5). வேலை முடிந்தது. போலி விடை எட்டிப் பார்க்கவே இல்லை.

ஏன் எட்டிப் பார்க்கவில்லை? இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தொலைவு வாய்பாட்டில் நாம் வர்க்கப்படுத்துகிறோம். வர்க்கப்படுத்தியதும் +2, −2 இரண்டும் 4 ஆகிவிடுகின்றன. எவ்வளவு தூரம் என்பது மிஞ்சுகிறது, எந்தப் பக்கம் என்பது அழிந்துபோகிறது. நடுப்புள்ளி திசையை அழிப்பதில்லை. பி-யும் நடுப்புள்ளியும் தெரிந்தால் மறுமுனை இருக்க முடிந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிலேயே பிள்ளைகள் இந்த மூலைவிட்டப் பண்பை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடநூலில் வடிவியல் ஓர் இயல், புள்ளிகளை எண்களால் குறித்துக் கணக்கிடும் ஆயத்தொலை வடிவியல் வேறோர் இயல். அந்த இயலில் படித்தது இந்த இயலுக்கு உதவும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. 1637-இல் பிரெஞ்சு அறிஞர் ரெனே டெக்கார்ட், வடிவங்களைச் சமன்பாடுகளால் ஆராயும் தம் முறையை வெளியிட்டபோதும், அதே காலத்தில் பியர் டி ஃபெர்மா தனியாக அதே வழியில் நடந்தபோதும், வடிவியலும் இயற்கணிதமும் கைகோத்தன. அந்தக் கையை நாமே பிரித்துவிட்டுப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சதுரத்தில் இந்த வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். எதிரெதிர் முனைகள் (1, 2), (5, 4) என்று கொடுத்து மற்ற இரண்டையும் கேட்டால், வழக்கமான வழி பித்தாகரஸ் தேற்றத்தில் நுழைந்து இருபடிச் சமன்பாட்டில் போய் முடியும். சதுரத்தின் மூலைவிட்டங்களோ சமம், ஒன்றையொன்று இருசமக் கூறிடும், செங்குத்தாகவும் வெட்டும். நடுப்புள்ளி (3, 3). அங்கிருந்து (5, 4)-க்கு வலப்பக்கம் 2, மேலே 1. அந்த நடையைச் செங்கோணம் திருப்பினால் இடப்பக்கம் 1, மேலே 2. அப்படி நடந்தால் (2, 5), அதற்கு நேர் எதிராக நடந்தால் (4, 1). இங்கே இரண்டு விடைகளும் உண்மையானவை, ஏனென்றால் கேட்டதே இரண்டு முனைகளைத்தான்.

முக்கோணத்திலும் இப்படித்தான். (0, 0), (8, 0), (0, 6) என்ற மூன்று முனைகள் வழியாகவும் செல்லும் வட்டத்தின் மையத்தை, அதாவது சுற்றுவட்ட மையத்தைக் கேட்டால், செங்கோண முக்கோணத்தில் அது கர்ணத்தின் நடுவில்தான் இருக்கும் என்று தெரிந்து, செங்கோணம் இருப்பதைக் கவனித்த பிள்ளை கர்ணத்தின் நடுப்புள்ளி (4, 3) என்று உடனே எழுதிவிடும்.

ஆகவே வீட்டில் உதவ உட்காரும் பெற்றோருக்கு நான் சொல்வது, முதலில் படம் வரையச் சொல்லுங்கள். அளவு துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ‘எந்த வாய்பாடு?’ என்று கேட்பதற்கு முன் ‘இது என்ன வடிவம்? இதன் மூலைவிட்டங்கள் என்ன செய்யும்?’ என்று கேளுங்கள். பயன்படுத்திய பண்பை விடையில் ஒரு வரியாக எழுதவும் பழக்குங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு: பண்பு வடிவத்துக்குப் பொருந்த வேண்டும். சரிவகத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடாது. மூலைவிட்டங்கள் சமமாக இருப்பதை மட்டும் வைத்துச் செவ்வகம் என்று முடிவு கட்டவும் கூடாது, இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமம்தான்.

மறுநாள் மாலை என் மகள் அதே மூன்று புள்ளிகளோடு வந்தாள். ‘வரிசையாக’ என்ற சொல் கேள்வியில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளே யோசித்திருக்கிறாள். எந்த இரண்டு புள்ளிகள் எதிரெதிர் முனைகள் என்பதை மாற்றி மாற்றிப் பார்த்து (2, 5), (0, −3), (12, 9) என்று மூன்று இடங்களைக் கண்டுபிடித்திருந்தாள். அவற்றை இணைத்தபோது ஒரு பெரிய முக்கோணம் கிடைத்தது. நாங்கள் முதலில் வைத்திருந்த மூன்று புள்ளிகளும் அதன் மூன்று பக்கங்களின் சரியான நடுவில் உட்கார்ந்திருந்தன.