விசில் இல்லாமல் பருப்பு வெந்தது எப்படித் தெரியும்?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு மின்சார பிரஷர் குக்கர் வந்த முதல் நாள், அம்மா அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். துவரம்பருப்பும் தண்ணீரும் போட்டு, மூடியைத் திருகி, பொத்தானை அழுத்தியாயிற்று. இருபது நிமிடமாகியும் ஒரு சத்தமும் இல்லை. "ஏண்டா, விசிலே வராம வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். இதை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

விசிலிலிருந்தே தொடங்கலாம். எங்கள் காவிரி டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய பூமி. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். ஊட்டி உயரத்தில் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதனால் அங்கே பருப்பு வேக இன்னும் நேரம் பிடிக்கும். மூடி போட்டு ஆவியை அடைத்துவிட்டால் நிலைமை தலைகீழ். அழுத்தம் கூடக் கூடக் கொதிநிலையும் ஏறும். டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் இந்த வழியில் எலும்பையே மிருதுவாக்கிக் காட்டினார். பாத்திரம் வெடிக்காமலிருக்க எடை வைத்த ஒரு வால்வையும் பொருத்தினார். நம் குக்கரின் வெயிட் அந்த வால்வின் வாரிசு.

அடுப்பில் வைக்கும் குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இன்னொரு மடங்கை உள்ளே பிடித்துவைக்கிறது. தண்ணீர் 120 டிகிரியை எட்டுகிறது. அதையும் மீறி ஆவி சேர்ந்தால் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அதுதான் விசில். ஆக, விசில் வந்தால் "இனிமேல் நீ தரும் சூடு எனக்குத் தேவையில்லை" என்று குக்கர் சொல்கிறது என்று பொருள். பருப்பை வேகவைப்பது விசில் அல்ல, 120 டிகிரியில் அது இருந்த நேரம். தீயைப் பெரிதாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஐந்து விசில் வரும், சிம்மில் வைத்தால் ஒன்று வரும். இரண்டு பருப்பும் வெந்தது ஒரே அளவுதான். "நாலு விசில் விடு" என்ற கணக்கு சொன்னவர் வீட்டு அடுப்புக்குச் சரி, உங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று உறுதியில்லை.

விசில் விட்டால் சூடும் வீணாகிறது. 100 மில்லி தண்ணீர் ஆவியாக வெளியே போனால், அரை லிட்டருக்கு மேலான குழாய்த் தண்ணீரை 120 டிகிரிக்கு ஏற்றப் போதுமான வெப்பம் அதோடு போய்விடுகிறது. மின்சார குக்கர் அதை வெளியே விடுவதில்லை. ஆவியை அனுப்பிச் சமாளிப்பதற்குப் பதிலாக, போதுமான அழுத்தம் வந்ததும் கரண்டை நிறுத்திவிடுகிறது.

அதற்கு எப்படித் தெரிகிறது? பல மாடல்களில் உள்ள ஏற்பாடு மிக எளிது. மூடி வெளிக்கூட்டோடு பூட்டிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, உள்பாத்திரம் மேலே போக வழியில்லாமல் கீழ்நோக்கி ஒரு மயிரிழை நகர்கிறது. அடியில் வில் போல வளையும் ஒரு தகடு இருக்கிறது. அது வளைந்ததும் சுவிட்ச் விலகி, ஹீட்டர் அணைகிறது. சூடு குறைந்தால் தகடு நிமிர்ந்து மறுபடி எரிகிறது. இதோடு பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெப்ப உணரி ஒன்று, எல்லாம் தவறினால் இணைப்பை அறுக்கும் ஃபியூஸ் ஒன்று. நேரத்தை எண்ணுவது உள்ளே இருக்கும் சில்லு. அழுத்தம் வந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும் என்பதால், பத்து நிமிடம் என்றால் உண்மையிலேயே வெந்த நேரம் பத்து நிமிடம். அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

மூடியில் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும். தொடக்கத்தில் அது தாழ்ந்தே இருந்து ஓரமாக உஸ் என்று ஆவி கசியும். குக்கர் கெட்டுவிட்டதோ என்று பலர் பயந்து அணைத்துவிடுகிறார்கள். அப்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காற்று கலந்த ஆவிக்கு அதே அழுத்தத்திலும் சூடு குறைவு. "ஆவி நல்லா பீய்ச்சி வந்தப்புறம் வெயிட்டைப் போடு" என்று பாட்டிகள் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். காற்று போனதும் குமிழ் மேலே எழுந்து அடைத்துக்கொள்ளும், மூடியும் திறக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும்.

சரி, நேரம் மிச்சமாகுமா? ஆகாது. இதை நான் அடித்துச் சொல்வேன். மின்சார குக்கர்களில் பெரும்பாலானவை 70 முதல் 80 கிலோபாஸ்கல் வரைதான், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான், கூடுதல் அழுத்தம் ஏற்றுகின்றன, சூடு 115 முதல் 117 டிகிரி. பத்து டிகிரி கூடினால் வேகும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று பொதுக்கணக்கு ஒன்று உண்டு. அதன்படி அடுப்பு குக்கரில் 15 நிமிடம் வேகும் பொருளுக்கு இதில் 20 நிமிடம் வேண்டும். அதற்கு முன்னால் 1000 வாட் ஹீட்டர் இரண்டு லிட்டர் தண்ணீரை ஏற்ற 12 நிமிடத்துக்கும் மேலாகும். அப்புறம் ஆவி அடங்க இன்னொரு கால் மணி நேரம். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால், 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் மொத்தமும் ஒரே நொடியில் பொங்கும். பருப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு மேடை முழுக்கத் தெறிக்கும். எங்கள் வீட்டுச் சுவரில் அந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

மிச்சமாவது கவனம். அம்மாவுக்கு முழங்கால் வலி. காலையில் பருப்பை வைத்துவிட்டு, விசில் எண்ணாமல், சிம்மில் வைக்க ஓடாமல், வாசலில் கோலத்தை முடித்துவிட்டு வருகிறார். அடுப்பை அணைக்க மறந்துவிட்டோமோ என்ற பயம் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமே இல்லை. என்னைக் கேட்டால், வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு லிட்டரை 30 டிகிரியிலிருந்து 117-க்கு ஏற்ற 0.2 யூனிட் வேண்டும். பாத்திரத்துக்கும் கசிவுக்கும் சேர்த்து 0.3 என்று வைத்துக்கொள்வோம். கேஸில் அதே வேலைக்கு 25 முதல் 35 கிராம் வரை எரியும். சிலிண்டர் விலையை அதிலுள்ள கேஸின் எடையான 14.2 கிலோவால் வகுத்தால் ஒரு கிலோ விலை கிடைக்கும், மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வராது. தினம் இரண்டு வேளை என்றால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். வீடுகளுக்குத் தொடக்க யூனிட்டுகள் இலவசம் என்பதால், கரண்ட் குறைவாகச் செலவாகும் வீட்டில் இது கண்ணிலேயே படாது. ஏசி ஓடி 500 யூனிட்டைத் தொடும் வீட்டிலோ, இந்த 36 உங்களை விலை கூடிய படிக்குத் தள்ளிவிடலாம்.

வோல்டேஜ் இதைவிட முக்கியம். ஹீட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. குறுவைக்கு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்து லைன் 230-லிருந்து 180-க்கு இறங்கினால், 1000 வாட் குக்கர் 600 வாட் சொச்சமாகச் சுருங்கிவிடும். வோல்டேஜ் இறங்கியது கால்பங்குக்குக் குறைவு, சூடு இறங்கியதோ ஐந்தில் இரண்டு பங்கு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் இதைத் தாங்காது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, எத்தனையோ ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லை. டெல்டாவில் கேஸ் அடுப்பை எடுத்துப் பரணில் போடும் அளவுக்கு யாரும் இதை நம்பிவிடக் கூடாது.

சமையல் பழக்கத்திலும் சிலவற்றை மாற்ற வேண்டும். ஆவி வீணாகாததால் தண்ணீர் குறைவாகப் போதும். வழக்கமாக ஒன்றுக்கு மூன்று வைக்கும் அரிசிக்கு இதில் இரண்டரை வைத்துப் பாருங்கள். பொங்கல் மாதிரி கெட்டியானவற்றை நேராக உள்பாத்திரத்தில் வைத்தால் பாதியில் நின்று எச்சரிக்கை காட்டும். நீர்த்த குழம்பில் சூடான தண்ணீர் மேலேறி, குளிர்ந்தது கீழே வந்து, அடிச்சூடு பரவிவிடும். மாவுச்சத்து குழைந்து கெட்டியானதும் இந்தச் சுழற்சி நின்று அடி மட்டும் கொதிக்கும், உணரி பயந்து அணைத்துவிடும். நம் வீடுகளில் பழகிய அடுக்குப் பாத்திர முறையே இதற்கு மருந்து. அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், மேலே தட்டில் பருப்புக் கிண்ணம், அதன் மேல் அரிசி. அடியில் வெறும் தண்ணீர்தான் என்பதால் பிடிக்காது.

பருப்பு வேகாததற்கெல்லாம் குக்கரைக் குறை சொல்லவும் முடியாது. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு மசியும். உப்புத்தன்மையும் கடினமும் கூடிய போர் தண்ணீரில் உள்ள கால்சியம் அந்தப் பெக்டினை இறுக்கிவிடும், புளியின் அமிலமும் அப்படித்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோர வீடுகளில் குடிநீரிலேயே பருப்பை வேகவைத்து, வெந்த பிறகே புளி கரைத்து ஊற்றுவது நல்லது.

எதற்கெல்லாம் இது அருமை என்றால், தவிட்டோடு இருக்கும் மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, மொச்சை, கொண்டைக்கடலை, ஆட்டுக்கால். இரவே ஊறவைத்துக் காலையில் அரைமணி நேரம் விட்டால் பூப்போல வெந்திருக்கும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பாவுக்குப் பாசிப்பருப்பு வைக்க இது தேவையே இல்லை, சூடு ஏறி இறங்குவதற்குள் குழைந்துவிடும். பொன்னிப் புழுங்கலை உதிரியாக வடித்துச் சாப்பிடும் வீட்டிலும் சோற்றுக்கு உதவாது, கஞ்சி உள்ளேயே தங்கிவிடும். அம்மா இன்றும் சோற்றை அடுப்பில்தான் வடிக்கிறார்.

வாங்குவதென்றால் எவர்சில்வர் உள்பாத்திரம் உள்ளதாகப் பாருங்கள், கூடவே மூடிக்கான சிலிக்கான் வளையம் உபரியாக ஒன்று வாங்கிவிடுங்கள். மசாலாவின் மணம் எண்ணெயில் கரையும் வகை, சிலிக்கான் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை சோப்புப் போட்டாலும் முழுதாகப் போகாது. ஆட்டுக்கால் வைத்த வளையத்தோடு மறுநாள் கவுனி அரிசிப் பாயசம் வைத்தால் முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் சிவப்பு வளையம் கறிக்கு, வெள்ளை வளையம் பாயசத்துக்கு.